நேர்த்தி வளவில் ஒரு வெங்கிணாந்தி

பிள்ளைகள்,

போன கிழமை நீங்கள் மூன்று பேரும் விறாந்தையில் இருந்து பழைய கதைகள் கதைத்துக்கொண்டிருந்தபோது நான் அறைக்குள் படுத்திருந்தேன். அப்பா நித்திரை என்று நினைத்திருப்பீர்கள். "அம்மாதானே பாம்பைத் துரத்தினவ" என்று மகன் சொன்னான். "ஓம், அவவுக்கு அதைக் கண்ணிலை காட்டக்கூடாது" என்றாள் கடைக்குட்டி. அவளுக்கு அந்த நேரம் தவழ்கிற வயது. பாம்பைக் கண்ட நினைவே இராது. அம்மா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்னது அவருக்கும் கேட்டது. துருவுகிற சத்தம் கொஞ்ச நேரம் நின்றுபோய், பிறகு திரும்பக் கேட்டது.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு லொறியில் ஏறியவன். எழுத்துப் பிழைத்தால் மூத்தவள் திருத்தி மற்ற இருவருக்கும் வாசித்துக் காட்டட்டும். ஆனால் நடந்ததை மாற்ற வேண்டாம்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு நான் வன்னியிலிருந்து நெல் ஏற்றிக்கொண்டு வந்து வட்டுக்கோட்டைப் பக்கத்து மில் ஒன்றில் இறக்குகிற வேலை செய்தேன். ஒருநாள் மூட்டைகளை இறக்கும்போது அடியில் ஒரு வெங்கிணாந்திக் குட்டி சுருண்டு கிடந்தது. மலைப்பாம்பு என்று உங்கள் புத்தகத்தில் இருப்பதுதான். என் கை நீளம்கூட இல்லை. மில்லில் வேலை செய்தவர்கள் தடி எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் நின்ற உங்கள் மாமா, அம்மாவின் தம்பி, "பொறுங்கோ, பொறுங்கோ, உது விஷமில்லாத சீவன்" என்று சொல்லிக்கொண்டு தன் சேர்ட்டைக் கழற்றி அதன்மேல் போட்டார். அவர் அப்போது என்னோடு லொறியில் கிளீனராக வந்துகொண்டிருந்தார். மீசை சரியாக அரும்பாத வயது.

"எங்கையடா கொண்டுபோகப் போறாய்?" என்று கேட்டேன்.

"அக்கா வீட்டைதான். அத்தான், வீட்டிலை எலி கூடவெல்லே?"

"அக்கா உன்னையும் சேர்த்துத் துரத்துவா."

அம்மா துரத்தவில்லை. தம்பி எதைக் கொண்டுவந்தாலும் அவர் துரத்தியதில்லை. மாமா பழைய லொறிப் பெட்டிப் பலகையில் ஒரு கூடு அடித்தார். முன்பக்கம் கம்பி வலை, பின்பக்கம் இழுத்துத் திறக்கிற கதவு. குட்டி வளர வளரக் கூட்டையும் உடைத்துப் பெருப்பித்தார். மூன்று வருடத்தில் அது என் தொடைப் பருமனுக்கு வந்துவிட்டது. அதற்குப் 'பெரியவர்' என்று பட்டம் வைத்ததும் அவர்தான். "பெரியவர் எழும்பிட்டாரோ? பெரியவருக்குத் தண்ணி வைச்சாச்சோ?" என்று கேட்டுக்கொண்டுதான் காலையில் முகம் கழுவப் போவார்.

மூத்தவள் பள்ளிக்கூடத்தால் வந்து அதை மடியில் போட்டுக்கொண்டு பாடம் படிப்பாள். மகன் அதன் வாலைப் பிடித்து முற்றத்தைச் சுற்றி நடத்துவான். அது ஒருமுறைகூடச் சீறியதில்லை. கையில் எடுத்தால் சூடு தேடி மெல்லக் கழுத்தைச் சுற்றும். அவ்வளவுதான்.

அதன் சாப்பாடு எங்கள் சாப்பாட்டைப் பின்பற்றியே நடந்தது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மச்சம், மீனோ கோழியோ. கோழி அடிக்கிற ஞாயிறுகளில், முட்டை நின்றுபோன கோழி ஒன்றைப் பெரியவருக்கும் விடுவோம். வெள்ளிக்கிழமை, கந்தசட்டி நாட்கள், ஊர்க் கோயிலில் கொடியேறித் தீர்த்தம் முடியும் வரை என்று நாங்கள் மரக்கறி சாப்பிடும் நாளெல்லாம் அதற்கும் விரதம். "சைவப் பாம்பு" என்று மாமா பகிடி விடுவார். திருவிழா முடிந்ததும் அதற்கு முதல் கோழி. அப்படிப் பசி கிடந்து பழகிய பாம்புதான். அதனால் பசியைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை.

எண்பத்தாறில் மாமாவை ஆமிக்காரர் கொண்டுபோனார்கள். காலையில் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களை எல்லாம் சந்திக்கு வரச் சொன்னார்கள். நான் லொறியோடு கிளிநொச்சியில் நின்றேன். பின்னேரம் சந்தியிலிருந்து மற்ற ஆட்கள் திரும்பி வந்தார்கள். மாமா வரவில்லை. அவரோடு வரிசையில் நின்றவர், "ட்ரக்கிலை ஏத்தினவங்கள், விசாரிச்சிட்டு விடுவம் எண்டவங்கள்" என்றார்.

அடுத்த நாள் நான் வந்து சேர்ந்தபோது அம்மா ஈரத் தலையோடு கோயிலிலிருந்து வந்தார்.

"இஞ்சாருங்கோ, பிள்ளையாரட்டை ஒரு நேர்த்திக்கடன் சொல்லிப்போட்டு வாறன்" என்றார். "தம்பி படலையைத் திறந்து வாற வரைக்கும் எங்கடை வேலிக்குள்ளை, இந்த வளவுக்குள்ளை ஒரு உயிரும் போகாது. மச்சம் படலை தாண்டாது."

"நல்லதுதானே" என்று நான் சொன்னேன்.

பெரியவரை அந்த நேரம் நான் நினைக்கவில்லை. அம்மாவும் நினைக்கவில்லை. எங்கள் இரண்டு பேர் தலையிலும் மாமா மட்டும்தான் இருந்தார்.

இரண்டு கிழமை கழித்து நான் சந்தையில் ஒரு கோழி வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மா படலையில் மறித்தார்.

"உதை எங்கை கொண்டுபோறியள்?"

"பெரியவருக்கு."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. படலைக் கப்புத் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஐயோ, நான் அதை நினைக்கேல்லையே" என்றார்.

"பாம்புக்கும் சேர்த்தோ சொன்னனீர்?"

"வளவு எண்டெல்லே சொல்லிப்போட்டன். கூடும் வளவுக்குள்ளைதானே நிக்குது."

"அப்ப திரும்பப் போய், பாம்பை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேட்டுப்பாரும். பிள்ளையாருக்கு விளங்காதோ?"

"தம்பியின்ரை உயிரைத் தாங்கோ எண்டு கேட்டிட்டு, அடுத்த கிழமை போய்க் கோழிக்குப் பேரம் பேசச் சொல்லுறியளே?"

கோழியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த நேரம் அதைப் பெரிய கெட்டித்தனம் என்றும் நினைத்தேன். கோழி வளவுக்குள் வரக்கூடாது என்றால் பாம்பு வளவுக்கு வெளியே போகலாம்தானே? பெரியவரைச் சாக்கில் போட்டுக் கட்டி, லொறியில் வைத்து, மில்லின் பின்வளவுக்குக் கொண்டுபோனேன். மில்லில் நின்றவர்கள் எட்டி நின்று கைதட்டினார்கள்.

"அண்ணை மாப்பிளையை விருந்துக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டார்!"

"பாயைப் போடுங்கோடா, மாப்பிளை இருக்கட்டும்!"

பெரியவர் கோழியை விழுங்கினார். நான் அதைத் திரும்பச் சாக்கில் போட்டு, பள்ளமும் திட்டியுமான றோட்டில் வீட்டுக்குக் கொண்டுவந்து கூட்டில் விட்டேன். அம்மாவுக்கும் சந்தோஷம். பொழுதுபடும் நேரம் அது அந்தக் கோழியை அப்படியே கக்கிவிட்டது.

தின்ற வெங்கிணாந்தியைக் குலுக்கினால் கக்கிவிடும் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. மாமாவுக்குத் தெரிந்திருக்கும். ஏதோ வருத்தம், நோய் என்று நினைத்து வேப்பிலை கட்டினோம். அடுத்த முறையும் மில்லுக்குக் கொண்டுபோனேன். அடுத்த முறையும் கக்கியது. வீட்டுக்கு வந்த பிறகுதானே கக்குகிறது என்று, தின்னவிட்டு அங்கேயே சில நாள் வைத்திருக்கலாமோ என்று மில்காரரைக் கேட்டேன். "மாப்பிளை விருந்துக்கு வந்தால் சரி, வீட்டோடை இருக்க வந்தால் என்ரை சனம் வேலைக்கு வராது" என்று சொல்லிவிட்டார். பொய்யில்லை.

மூன்றாம் முறை கூட்டுக்குள் அல்ல, கிணற்றடியில் சாக்கை அவிழ்த்த உடனேயே கக்கிவிட்டது. பாதி கரைந்த கோழி, இறகோடு, நாங்கள் தண்ணீர் அள்ளுகிற இடத்தில். நான் அதைச் சாக்கோடு அள்ளி வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வரும்போது, கிணற்றடி முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. அம்மா வாளி வாளியாகத் தலையில் வார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உடுத்த சேலையோடு, ஈரம் சொட்டச் சொட்டக் கோயிலுக்கு நடந்தார். வந்து சொன்னார்:

"திரும்ப முதலிலை இருந்து சொல்லிப்போட்டு வந்தனான். இதுவரைக்கும் இருந்தது சேராது."

அதற்குப் பிறகு நான் பெரியவரை வெளியே கொண்டுபோகவில்லை. கொண்டுபோகவும் வழியில்லை. டீசல் கிடைப்பது குறைந்துவிட்டது. வீதியில் எப்போது என்ன நடக்கும் என்று தெரியாது. அம்மா ஒரு கோப்பையில் பால் வைத்துப் பார்த்தார், நாகபாம்புக்கு வைப்பதுபோல. வெங்கிணாந்தி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பால் திரைந்து எறும்பு மொய்த்தது.

பெரியவர் மாறத் தொடங்கினார். முதலில் ஆட்கள் நடக்கிற அதிர்வுக்குத் தலையைத் தூக்கினார். பிறகு சீறினார். கொதிக்கிற பானையின் மூடியைச் சரித்ததுபோல ஒரு சத்தம். பிறகு கூட்டுக்குப் பக்கத்தால் யார் போனாலும் கம்பி வலையில் பாய்ந்து இடித்தார். மூக்கு நுனி உரிந்து இரத்தம் காய்ந்திருந்தது. கொடியில் காயும் உடுப்புக் காற்றில் ஆடினால் அதற்கும் பாய்ந்தார். மகன் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டான். மூத்தவள் மட்டும், "அது எனக்கு ஒண்டும் செய்யாது" என்று தண்ணீர் வைக்கப் போவாள்.

ஒரு சனிக்கிழமை காலை அவள் பின்கதவை இழுத்துத் தண்ணீர்ச் சட்டியை உள்ளே வைத்தபோது அது அவளுடைய முன்கையைக் கவ்விவிட்டது. கவ்விய மறுகணம் கையைச் சுற்றி ஏறித் தோளில் ஒரு சுற்றுப் போட்டது. நான் ஓடிப்போய்த் தலையைப் பிடித்து வாயைப் பிளக்கப் பார்த்தேன். முடியவில்லை. இழுத்தால் பல் இன்னும் உள்ளே ஏறியது. அவள் கத்தவில்லை. "அப்பா, அதுக்கு நோகும், மெல்லமாய்" என்று சொன்னாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். தலைப்பக்கம் வரவில்லை. நேரே வாலைப் பிடித்து, சேலை பிழிவதுபோல, வாலிலிருந்து ஒவ்வொரு சுற்றாகக் கழற்றினார். "தம்பி இப்பிடித்தான் காட்டித் தந்தவன், இப்பிடித்தான் காட்டித் தந்தவன்" என்று சொல்லிச் சொல்லிக் கழற்றினார். சுற்று விட்டதும் நான் அதன் வாயில் தண்ணீரை ஊற்றினேன். அது விட்டது. இரண்டு பேருமாகப் பிடித்துக் கூட்டுக்குள் தள்ளிக் கதவை மூடினோம்.

திரும்பிப் பார்த்தால் கடைக்குட்டி படியால் இறங்கி, தவழ்ந்து தவழ்ந்து எங்களைத் தேடி வந்துகொண்டிருந்தாள். கூட்டுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற தூரம்கூட இல்லை. வலையில் ஒரு மூலை பெயர்ந்திருந்ததை அப்போதுதான் கண்டேன். அந்த இடத்தில் நான் முடிவெடுத்துவிட்டேன். அம்மா எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவி, உடைந்து இறங்கியிருந்த பல்லை எடுத்து மருந்து கட்டினார்கள். திரும்பி வரும்போது மூத்தவள் கேட்டாள்:

"அப்பா, அதை அடிக்கப் போறியளே?"

"இல்லை."

"சத்தியமாய்?"

"சத்தியமாய் இல்லையம்மா. ஆனால் வீட்டிலை வைச்சிருக்கேலாது."

அவள் அழுதாள். கை நோவுக்கு அழாதவள் அதற்கு அழுதாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். உடனே சம்மதிப்பார் என்று நினைத்தேன். பெற்ற பிள்ளையின் கை கட்டுப் போட்டபடி முன்னால் இருக்கிறது. அம்மா தலையை ஆட்டினார்.

"குடுக்கேலாது."

"என்ன கதை கதைக்கிறீர்? சின்னவளைப் பிடிச்சிருந்தால்?"

"தெரியும். எனக்குத் தெரியாதே? நான்தானே கழட்டினனான்." கூட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "அவன் அடிச்ச கூடு. அவன் வளர்த்த சீவன். வந்து, அக்கா பெரியவர் எங்கை எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? குடுத்தால், அவன் இனி வரமாட்டான் எண்டு நாங்களே முடிவெடுத்த மாதிரியெல்லே?"

"அப்ப நேர்த்தியை விடும். கோழியைக் குடுப்பம்."

"அதை விட்டால் அவன் வரமாட்டான்."

பிள்ளைகள், இதை ஆறுதலாக வாசியுங்கள். பாம்பை வைத்திருக்க வேண்டும் என்று அழுதது அம்மா. தம்பிக்காகச் செய்த நேர்த்தி தம்பியின் பாம்பைப் பட்டினி போட்டது. பாம்பின் பசியைத் தீர்த்தால் தம்பி வரமாட்டார். அம்மா எந்தப் பக்கம் திரும்பினாலும் தம்பியில்தான் போய் இடித்தார். சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுத அந்தப் பின்னேரத்தை நான் மட்டும்தான் கண்டேன்.

கடைசியில் நான் சொன்னேன்: "குடுக்கேல்லை. ஒரு ஆளிட்டை விட்டு வைப்பம். அவன் வந்த அண்டைக்கே நான் போய்த் திருப்பிக் கொண்டு வாறன்."

அதற்குத்தான் அம்மா தலையாட்டினார்.

அப்படி ஒரு வார்த்தை கொடுத்ததால் காட்டில் கொண்டுபோய் விட முடியாது. விட்டால் திருப்பி எடுக்க முடியாதே. காட்டில் விட்டாலும் மனுஷ வாடைக்குப் பழகினது, யாருடையவோ கோழிக்கூட்டில்தான் போய் நிற்கும், அடித்துக் கொன்றுவிடுவார்கள். முறிவு நோவுக்கு எண்ணெய் காய்ச்சுகிற ஒருவர் கேள்விப்பட்டு வந்து கூட்டைச் சுற்றிப் பார்த்தார். "நல்ல கொழுப்பு இருந்திருக்கும், நீங்கள் பட்டினி போட்டுக் கெடுத்துப்போட்டியள்" என்றார். அவரைப் படலை வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். தெரிந்த சைவ வீடுகளில் கேட்கவும் மனம் வரவில்லை. அந்த வருடம் நேர்த்தி வைக்காத வீடு எது? எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் வரவேண்டியிருந்தது.

அப்போதுதான் குருநகரில் இருந்த என் சிநேகிதன் நினைவுக்கு வந்தான். வேதக்கார ஆள், கத்தோலிக்கன். ஐஸ் லொறி ஓட்டியவன். வீட்டுக்குப் பின்னால் வலை வைக்கிற கொட்டில் ஒன்று இருந்தது. போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மச்சான், பாம்புக்கு விரதம் பிடிப்பிச்ச ஒரே சாதி நீங்கள்தானடா!"

"சிரிக்காதை. வைச்சிருப்பியோ மாட்டியோ?"

"கொண்டுவா. எங்கடை வீட்டிலை அடுப்பு மூட்டினால் மச்சம்தான்."

"உங்களுக்கும் மச்சம் விடுகிற தபசு காலம் வருமெல்லே?"

"தபசு எனக்கு. உது ஞானஸ்நானம் எடுக்கேல்லையே!"

அவன் மனைவி உள்ளே இருந்து குரல் கொடுத்தார்: "இந்த வீட்டிலை ஏற்கெனவே ஒண்டு சீறிக்கொண்டு திரியுது. அது காணாதாமோ?"

"கேட்டியே?" என்றான். "அவ சம்மதம் எண்டு அர்த்தம்." பிறகு சிரிப்பை விட்டுவிட்டு என் தோளில் கை வைத்தான். "கோழியை நீ கொண்டுவா. சாவு என்ரை வளவிலை நடக்கட்டும். உன்ரை மனுசியின்ரை நேர்த்திக்கு ஒண்டும் வராது. பொடியன் வந்த உடனை நீ வந்து தூக்கு."

கூட்டோடு லொறியில் ஏற்றினோம். நீங்கள் இரண்டு பேரும் படலையில் நின்றீர்கள். மகன் கூட்டுக்குக் கிட்ட வரவில்லை. மூத்தவள் கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, "பெரியவர், போட்டு வாங்கோ" என்றாள். வலைக்குள்ளிருந்து அது அவளைப் பார்த்துச் சீறியது. அம்மா வந்து கூட்டின் பலகையில் திருநீறு பூசினார்.

"அந்த அண்ணையிட்டைச் சொல்லுங்கோ" என்றார் என்னிடம், "இது குடுத்ததில்லை, விட்டு வைச்சதெண்டு."

குருநகரில் முதல் கோழியை அது விழுங்குவதை நான் பக்கத்தில் குந்தியிருந்து கடைசி இறகு மறையும் வரை பார்த்தேன். இந்த முறை குலுக்க ஒருவரும் இல்லை. கக்கவில்லை. வயிறு நிறைந்தால் பழைய பெரியவர் ஆகிவிடும் என்று நம்பியிருந்தேன். ஆகவில்லை. பிறகு ஒவ்வொரு முறை சைக்கிளில் கோழி கொண்டுபோகும்போதும் உடம்பு தேறியிருந்தது, தோல் மினுங்கியது, ஆனால் என்னைக் கண்டால் பாய்ந்தது. பசி போனது, குணம் திரும்பி வரவில்லை. நாங்கள்தான் அதைப் பட்டினி போட்டவர்கள் என்று அதற்குத் தெரிந்ததோ, அல்லது அப்படிப்பட்ட நினைவெல்லாம் பாம்புக்கு இல்லையோ, எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தால் அம்மா ஒன்றுதான் கேட்பார்: "திண்டதோ?"

"ஓம், திண்டது."

அதற்குமேல் கேட்கமாட்டார்.

மாமாவைப் பற்றி விசாரிக்காத இடமில்லை. தடுப்புக் காவலிலிருந்து வந்த ஒருவர், தெற்கே ஒரு முகாமில் கண்டேன் என்றார். பிறகு வந்த இன்னொருவர், அந்தப் பெயரில் அங்கே ஆளே இருந்ததில்லை என்றார். அம்மா முதலாமவர் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டார். மாமா வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அம்மா மச்சம் சாப்பிடுவதில்லை என்று மட்டும் உங்களுக்குத் தெரியும். அது அவருடைய சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஏன் எங்கள் வீட்டில் மட்டும் கோழிக்கறி சமைப்பதில்லை என்று மகன் ஒருநாள் சண்டை போட்டான். இப்போது தெரிந்துகொண்டீர்கள். அவரைப் போய்க் கேட்காதீர்கள்.

எண்பத்தேழில் பட்டினத்தில் ஆமி இருந்த கோட்டையைச் சுற்றிச் சண்டை கடுமையானது. குருநகர்ப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. சனம் கையில் அகப்பட்டதோடு ஓடியது. என் சிநேகிதன் குடும்பத்தை எங்கள் பக்கத்து வேதக் கோவில் ஒன்றில் விட்டுவிட்டு, சைக்கிளில் எங்கள் படலைக்கு வந்தான். சிரிக்கிற முகமில்லை. தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்தான்.

"மச்சான், ஓடேக்கை கூட்டைத் திறந்துவிட்டிட்டுத்தான் ஓடினன். பூட்டிப்போட்டு வர மனம் கேக்கேல்லை. பிழையோ?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கதவு நிலையில் நின்றார்.

"பூட்டிப்போட்டு வராதது நல்லது, அண்ணை" என்றார். "உள்ளை வைச்சுப் பூட்டினால் அது என்ன செய்யும்?"

சொல்லிவிட்டு உள்ளே போனார். பிறகு அவர் 'திண்டதோ' என்று கேட்டதே இல்லை.

கொஞ்ச நாளில் ஒரு பகல் சண்டை ஓய்ந்திருந்தது. அரிசி பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு லொறியை எடுத்தேன். வழியில் ஒரு கோழி வாங்கினேன். நல்ல கனமான சிவப்புப் பேடு. பசித்தால் கோழி வாடைக்கு வரும், வந்தால் பிடித்துச் சாக்கில் போட்டு, எங்காவது இன்னொருவரிடம் விட்டு வைக்கலாம் என்பது என் எண்ணம். அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தை அது ஒன்றுதான் என் கையில் இருந்தது.

அந்த ஒழுங்கையில் ஆள் இல்லை. சிநேகிதன் வீட்டு ஓடுகள் பாதி கொட்டியிருந்தன. கொட்டில் ஒரு பக்கம் சரிந்து, வலைகள் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. கூடு அப்படியே நின்றது, பின்கதவு திறந்தபடி. உள்ளே ஒன்றுமில்லை. கொட்டிலுக்குப் பக்கத்தில் கவிழ்த்திருந்த தோணிக்கு அடியில் பார்த்தேன். இடிந்த சுவருக்குள் தடி விட்டுப் பார்த்தேன். செத்துக் கிடந்தால் நாறும் என்று மூக்கால் தேடினேன். கருவாட்டு வாடையும் வெடிமருந்து வாடையும்தான் வந்தது.

கோழியைக் கூட்டுக்கு முன்னால் ஒரு கப்புத் தடியில் கட்டிவிட்டு, சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு எட்ட இருந்தேன். கோழி முதலில் கத்தியது. பிறகு கத்தாமல் மண்ணைக் கிளறியது. வெயில் சரியும் வரை இருந்தேன். "பெரியவர்" என்று ஒருமுறை கூப்பிட்டும் பார்த்தேன். பாம்புக்குக் காது கேளாது என்று மாமா சொன்னது தெரிந்தும் கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை.

தூரத்தில் திரும்ப வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கியது. எழும்பிப் போய்க் கோழியின் காலில் இருந்த வாழைநாரை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. கால் மரத்துப்போய் அது கொஞ்ச நேரம் அதே இடத்தில் இருந்தது. நான் அதை இரண்டு கையாலும் தூக்கி நிமிர்த்தி நிற்க வைத்துவிட்டு, சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு லொறிக்கு நடந்தேன்.